நாலு வாரம் தம்பியாக இருந்தவன்

“சார், அவன் தம்பி இல்ல. வேலைக்காரன்.”

மூன்றாவது வரிசையிலிருந்து இருதயராஜ் இதைச் சொன்னபோது, சுவரில் ஓர் ஐரோப்பிய மலைக்கிராமத்துப் பேருந்து நிறுத்தம் தெரிந்துகொண்டிருந்தது. பனி கொட்டிக்கிடக்கிறது. பெஞ்சில் ஒருவன் பையோடு உட்கார்ந்திருக்கிறான். பண்ணையை விற்றாகிவிட்டது. விற்ற பண்ணைக்காரர் அவனை அங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டு, தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டு, வண்டியைத் திருப்பிப் போய்விட்டார்.

படத்தை அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னவர் சங்கரலிங்கம். வருவாய்த் துறையில் காலமெல்லாம் பட்டா, சிட்டா என்று இருந்து ஓய்வு பெற்றவர். எந்த நாட்டுப் படமானாலும் நிலம் யார் பேரில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் அவருக்கு மேற்கொண்டு படம் ஓடும்.

“அது எப்படி சார், அண்ணங்காரன் பாட்டுக்கு வித்துட்டுப் போறான்? தம்பிக்குப் பங்கு கெடையாதா? ஒரு கையெழுத்துகூட வாங்கலயே?”

“அவிய ஊர்ல மூத்தவனுக்குத்தான் எல்லாம்” என்றேன். உண்மையில் எனக்கு அது தெரியாது. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவனுக்கு ‘தெரியாது’ என்ற சொல் லேசில் வராது.

அப்போதுதான் இருதயராஜ் பேசினார்.

நான் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தேன். முடியவில்லை. நாலு ஞாயிற்றுக்கிழமைகளாக அந்த ஆளைத் ‘தம்பி, தம்பி’ என்று சொல்லிக் கதைச் சுருக்கம் வாசித்தவன் நான். போன வாரம்தான், கூடப் பிறந்தவர்களின் பாசம் எந்த தேசத்திலும் ஒன்றுதான் என்று பத்து நிமிடம் பேசியிருந்தேன். கைதட்டினார்கள்.

டியூஷன் மாடி

இந்தத் தொடரை இந்த வாரம்தான் முதலில் புரட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். நான் மகாராஜபுரத்துக்காரன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஓர் அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினேன். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல், தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் ஞாயிறுதோறும் சாயங்காலம் நாலு மணிக்கு வெளிநாட்டுப் படம் போட ஆரம்பித்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள்.

ராஜபாளையத்திலிருந்து வரும் நண்பர் ஒருவர் பேண்டேஜ் துணி நெய்யும் தொழில் நடத்துகிறார். திரை வேண்டும் என்றதும் தன் துணியையே நாலு மடிப்பாகத் தைத்து எடுத்து வந்துவிட்டார். படம் துணியில் நிற்காமல் ஊடுருவிப் போய்ச் சுவரில் விழுந்தது. அதற்குச் சுவரே போதும் என்று விட்டுவிட்டோம். அவர் வீட்டில் தெலுங்கு. எந்தப் படம் முடிந்தாலும் “பாகுந்தி” என்று ஒரே சொல்லில் நல்லாயிருக்கிறது என்பார். அதற்கு மேல் அவரைக் கேட்கக் கூடாது. கேட்டால் படத்தில் வந்த நாய் ராஜபாளையம் நாய்க்கு முன்னால் நிற்குமா என்ற விஷயத்துக்குப் போய்விடுவார்.

படங்களில் கீழே ஆங்கில வரிகள்தான் ஓடும். அதனால் நான் முந்தின நாளே வீட்டில் பார்த்து, யார் யாருக்கு என்ன உறவு, கதை எங்கே போகிறது என்று தமிழில் எழுதி வந்து வாசித்துவிடுவேன். அந்தக் காகிதம்தான் எங்கள் கூட்டத்துக்கு வேதம். அதில் நான் எழுதினால் தம்பி, தம்பிதான்.

கொலை நடக்கும் கிராமம், பேச்சு நடக்காத கிராமம்

ஐரோப்பாக்காரர்களின் சினிமாவிலும் டிவியிலும் வருகிற கிராமங்களை இத்தனை வருடமாகப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, அவை இரண்டே வகை.

ஒன்று கொலை நடக்கும் கிராமம். ஓட்டு வீடு, ரோஜாத் தோட்டம், சர்ச், வாத்துக் குளம் எல்லாம் இருக்கும். நூறு வீடுதான் இருக்கும். வாராவாரம் ஒரு ஆள் செத்துக் கிடப்பார். அப்படியும் ஒருத்தரும் ஊரைக் காலி பண்ண மாட்டார்கள். சங்கரலிங்கத்துக்கு இந்த வகை பிடிக்காது. “இம்புட்டுக் கொலை நடந்தா அந்த ஊர்ல எடம் என்ன வெலைக்குப் போகும்?” என்பார்.

இன்னொன்று பேச்சு நடக்காத கிராமம். மூடுபனி, சேறு, மாட்டுத் தொழுவம், சூப்பு. அப்பாவும் மகனும் ஒரு மணி நேரம் பேச மாட்டார்கள். அப்புறம் ஒருவர் “மழை வரும்” என்பார். இதற்குத்தான் விருதுகள் கிடைக்கும்.

எங்கள் ஆட்கள் இந்த இரண்டாம் வகையை ரசித்துப் பார்ப்பார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பார்த்தார்கள். மாட்டின் மடியைப் பார்த்து எத்தனை லிட்டர் கறக்கும் என்று பந்தயம் கட்டுவார்கள். வைக்கோலைச் சுருட்டுகிற மெஷினைப் பார்த்ததும் ரிவைண்ட் பண்ணச் சொல்வார்கள். ஒரு டீக்கடைகூட இல்லாமல் எப்படி ஒரு ஊர் இருக்க முடியும் என்று விசாரப்படுவார்கள்.

நான் இப்போது சொல்கிற படம் இந்த இரண்டாம் வகைதான். படம் என்றால் ஆறு பாகமாக டிவிக்கு எடுத்த தொடர். வாரம் ஒரு பாகம்; அன்றைக்கு ஓடியது ஐந்தாவது. ஒரு பண்ணை, அதை நடத்துகிற ஒருவர், அவருடைய வயதான தாயார், அப்புறம் அந்த ஆள். பண்ணைக்காரரும் அவனும் ஒருவரை ஒருவர் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒரே மேஜையில் சாப்பிட்டார்கள். ஒரு ரொட்டியைக் கையாலேயே பிய்த்து இரண்டு பேரும் ஒரே கிண்ணத்துச் சூப்பில் தொட்டுக்கொண்டார்கள். அவனுக்கு மாடியில், வீட்டுக்குள்ளேயே படுக்கை. எந்த இடத்திலும் தம்பி என்றோ வேலைக்காரன் என்றோ ஒரு வரி ஓடவில்லை.

தம்பி என்று நானாகத்தான் எழுதினேன். எழுதும்போது ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

புளியமரத்துக்கு அந்தப் பக்கம்

இந்த இடத்தில் ஒரு பழைய விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் ஊரையே ஐரோப்பிய டிவிக்காரர்கள் வந்து படம் எடுத்தார்கள். பிளவக்கல் அணையைப் பார்க்க வந்தவர்கள், வழியில் எங்கள் வயலைப் பார்த்து இறங்கிவிட்டார்கள். ஒரு பெண்மணியும் இரண்டு கேமராக்காரர்களும். ஆங்கிலம் தெரிந்தவன் என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாள் ஊரைச் சுற்றிக் காட்டினேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ராஜா மாதிரிதான் நடந்தேன்.

ஊர்க் கடைசியில் ஒரு புளியமரம் உண்டு. அதற்கு அந்தப் பக்கம் சர்ச் தெரு. இருதயராஜின் தெரு. “அங்கே என்ன இருக்கிறது?” என்று அந்தப் பெண்மணி கேட்டார். “இதே மாதிரிதான், புதிதாக ஒன்றுமில்லை” என்று சொல்லித் திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

நிகழ்ச்சி ஒளிபரப்பானதும் இணையத்தில் பார்த்தோம். வெற்றிலை போடுகிறவரையும் தலைச்சுமைக்காரியையும் காட்டிவிட்டு, ஊரில் நின்ற இருபது புல்லட்டையும் இரண்டு காரையும் விட்டுவிட்டார்கள் என்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. அரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று எல்லோரிடமும் திட்டினேன்.

ரொம்ப நாள் கழித்து ஒருமுறை பஸ்ஸில் வரும்போது இருதயராஜ் சும்மா பேச்சுவாக்கில் சொன்னார்: “அன்னிக்கு எங்க தெருவுல எல்லாரும் குளிச்சு, நல்ல துணி உடுத்திட்டு உக்காந்திருந்தோம் சார். கேமராக்காரவுக வருதாவன்னு.”

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த நிகழ்ச்சியில் இன்றைக்கும் மகாராஜபுரத்துக்கு மூன்றே தெருதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் சார், ஊரில் ஐயா

இருதயராஜுக்கு என் வயதுதான். அவருடைய அப்பா எங்கள் அப்பாவிடம் வயல் வேலை பார்த்தவர். இருதயராஜ் பட்டாளத்துக்குப் போனார். வடக்கே பனியிலும் மணலிலும் இருந்துவிட்டு ஹவில்தாராகத் திரும்பி வந்தார். வந்த பணத்தில் டிராக்டர் வாங்கினார். எங்கள் வயலுக்கும் அவர்தான் உழவு ஓட்டுகிறார்.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் ஒருநாள் பேச்சுக் கொடுத்தபோது, “எனக்கு சண்டை இல்லாத படமா இருந்தாச் சொல்லுங்க சார், சண்டை பாத்து அலுத்துப் போச்சு” என்றார். அப்படித்தான் எங்கள் கூட்டத்துக்கு வந்தார். காலையில் சர்ச்சில் பூசை முடித்து, மத்தியானம் சாப்பிட்டு, நாலு மணிக்கு டாண் என்று மூன்றாவது வரிசையில் இருப்பார். படம் முடிந்து இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே மாதிரி கண்ணாடி டம்ளரில் டீ குடிப்போம். வத்திராயிருப்பு பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் வருவோம்.

ஊரில் இறங்கினதும் கதை வேறு. ஸ்ரீவில்லிபுத்தூரில் என்னைச் ‘சார்’ என்கிறவர் மகாராஜபுரத்தில் ‘ஐயா’ என்பார். உழவு முடிந்து வீட்டுக்கு வந்தால் பின்வாசல் பக்கம் நிற்பார். அங்கேதான் டீ போகும், பேப்பர் கப்பில். எங்களுக்கு எவர்சில்வர் டம்ளர். பேப்பர் கப் சுத்தமானது என்று நானே பலரிடம் விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

அவர் மகள் கல்யாணத்துக்குப் போனேன். முன்வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பந்திக்குக் கூப்பிட்டபோது வயிறு சரியில்லை என்றேன். உடனே மூடி திறக்காத கலர் பாட்டில் ஒன்று வந்தது. என்னைப் போன்றவர்களுக்காகவே ஒரு கிரேட் தனியாக வாங்கி வைத்திருந்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

இந்தப் பத்திகளில் அவரை ‘அவர்’ என்று எழுதுகிறேன். நேரில் நான் அவரை ‘நீ’ என்றுதான் கூப்பிடுகிறேன். என் மாணவர்களைக்கூட அவர்கள் வேலைக்குப் போனதும் ‘நீங்கள்’ என்று மாற்றிக்கொண்டவன் நான்.

மழை வந்தபோது

மறுபடி டியூஷன் மாடிக்கு வருவோம்.

“வேலைக்காரன்னு எப்படிச் சொல்லுத?” என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் சூடு இருந்தது.

“மொத வாரமே தெரிஞ்சுபோச்சு சார். காயப் போட்ட புல்லு, மழை வந்துச்சுல்ல? ரெண்டு பேரும் ஓடுதாவ. அவரு வீட்டுக்கு ஓடுதாரு. இவன் புல்லை மூட ஓடுதான்.”

அந்தக் காட்சி எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தம்பி எவ்வளவு பொறுப்பானவன் பாருங்கள் என்று அப்போது சொல்லியிருந்தேன்.

சங்கரலிங்கம் விடவில்லை. “வேலைக்காரன்னா எப்படி மேஜைல கூட உக்காந்து சாப்பிடுதான்?”

“அங்க அப்படிப் போல சார்” என்றார் இருதயராஜ்.

மீதிப் படமும் ஓடி முடிந்தது. ராஜபாளையத்து நண்பர்கூட அன்றைக்கு “பாகுந்தி” சொல்லவில்லை.

டீக்கடையில் கேட்டேன்: “மொதலயே தெரியும்னா ஏன் சொல்லாம இருந்த?”

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “நீங்க தம்பின்னு சொல்லும்போது கேக்க நல்லாத்தான் சார் இருந்துச்சு. கெடுப்பானேன்னு விட்டுட்டேன்.”

அன்றைக்கு வீட்டுக்கு வந்து முந்தின நாலு பாகத்தையும் திரும்பப் பார்த்தேன். எல்லாம் கண்ணெதிரே கிடந்தது. சர்ச்சில் அந்தக் குடும்பம் முன் பெஞ்சில் இருக்கிறது, அவன் கடைசிப் பெஞ்சில் இருக்கிறான். சந்தைக்குப் போக அவன் கேட்டுக்கொண்டு போகிறான். பண்ணைக்காரர் எழுந்த பிறகுதான் மேஜையைவிட்டு எழுகிறான். இதில் ஒன்றைக்கூட நான் பார்க்கவில்லை. ஒரே மேஜை என்ற ஒன்றிலேயே என் புத்தி முடிவு கட்டிவிட்டது. கூட உட்கார்ந்து சாப்பிடுகிறவன் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும் என்பது எனக்குள் அவ்வளவு ஆழமாக இருந்திருக்கிறது. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இருதயராஜ் அதைக் கண்டுகொண்டார் என்பது இன்னும் வெட்கமாக இருந்தது.

ஆறாவது பாகம்

அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதுதான் கடைசிப் பாகம். போன் பண்ணினேன். சோழபுரம் பக்கம் உழவு இருக்கிறது என்றார். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. இதே போக்கில் விட்டால் அந்த மூன்றாவது வரிசை நாற்காலிக்கு இனிமேல் அவர் வர மாட்டார் என்று எனக்குப் பட்டது. இத்தனை வயதில் எனக்கு சினிமா பேச இருக்கிற ஒரே ஆள் அவர்தான்.

புளியமரத்தைத் தாண்டி அவர் வீட்டுக்குப் போனேன். டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“ஆறாம் பாகம் நீ பாக்கல. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வீட்டுக்கு வா. டிவியில போடுதேன். சாப்பாடும் நம்ம வீட்லதான்.”

ஹோஸ் பைப்பை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். “வீட்ல அம்மாட்ட கேட்டுட்டீகளா ஐயா?”

“கேட்டாச்சு” என்றேன். கேட்கவில்லை.

சரோஜாவிடம் இதை எப்படி எடுப்பது என்று இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். என் மனைவி கோயில், விரதம், மடி என்று இருக்கிறவள். அவள் மறுத்தால் என்னென்ன சொல்ல வேண்டும் என்று பாயிண்ட் பாயிண்டாக வைத்திருந்தேன். சொன்னதும் அவள் கேட்டது இது: “கறி எம்புட்டு எடுக்கணும்? அவிய வீட்டுக்காரியையும் வரச் சொல்லிருக்கலாம்ல?”

என் பாயிண்டுகள் எல்லாம் வீணாகிவிட்டன.

டியூஷன் மாடிக்கு அந்த வாரம் லீவு விட்டுவிட்டேன். ஞாயிறு மத்தியானம் இருதயராஜ் வெள்ளைச் சட்டையில் வந்தார். பழக்கத்தில் பின்வாசலுக்குத்தான் வந்து நின்றார். முன்பக்கமாகக் கூட்டி வந்து மேஜையில் உட்கார வைத்தேன். நான் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தார். சரோஜா முதலில் அவருக்குத்தான் வைத்தாள். ஆட்டுக்கறிக் குழம்பு. நாலு வாய் போன பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது. பட்டாளத்தில் லங்கர் என்கிற சமையல் கொட்டகையில் எல்லா ஊர்க்காரனும் ஒரே வரிசையில் தட்டேந்தி நின்றதைச் சொன்னார். சாப்பிட்டு முடித்ததும் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“வைங்க அண்ணாச்சி, நான் எடுத்துக்கிடுதேன்” என்றாள் சரோஜா.

அண்ணாச்சி என்றதும் அவர் தட்டை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரிமோட்டைத் தேடப் போனேன்.

கடைசிப் பாகத்தில் பண்ணைக்காரர் நகரத்துக்குப் போகிறார். அங்கே ஒரு கிட்டங்கியில் மூட்டை தூக்கும் அவனைத் தேடிக் கண்டுபிடிக்கிறார். இருவரும் ஒரு கடையில் உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். வழக்கம் போலப் பேச்சு இல்லை.

“அங்கயும் அம்புட்டுத்தான் போல” என்றார் இருதயராஜ். “மேஜைல உக்காந்தாலும், மழை வந்தா இவன்தான ஓடணும். இப்பப் பாருங்க, பண்ணை போன பொறவு ரெண்டு பேரும் நிம்மதியா காபி குடிக்காவ.”

நல்ல விமர்சனம். என் காகிதத்தில் இப்படி ஒரு வரி இதுவரை வந்ததில்லை. அவர் கிளம்பும்போது, அடுத்த ஞாயிறு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருவதாகச் சொன்னார். என் மனசு லேசாகிவிட்டது. பெரிய காரியம் செய்துவிட்ட மிதப்பு என்றே சொல்லலாம். அந்த உற்சாகத்தில், கல்யாணமான நாளிலிருந்து செய்யாத ஒரு வேலையைச் செய்தேன். மூன்று தட்டையும் பின்பக்கக் குழாய்க்கு எடுத்துப்போய் நானே கழுவினேன்.

கழுவி இரண்டு தட்டை உள்ளே கொண்டுபோய் அடுக்கிவிட்டு வந்து, துண்டில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“இது என்னங்க இங்க இருக்கு?” என்றாள் சரோஜா.

குழாய்க்கு மேலே காம்பவுண்டுச் சுவரில் ஒரு சிமெண்டுப் பலகை உண்டு. எங்கள் அப்பா காலத்தில் வேலை ஆட்களின் தட்டுகள் அங்கேதான் கவிழ்த்திருக்கும். அந்தத் தட்டுகள் போய் எவ்வளவோ காலம் ஆகிறது. இருதயராஜ் சாப்பிட்ட தட்டு அந்தப் பலகையில் கவிழ்ந்திருந்தது. வைத்தது நான்தான். வைத்தது எனக்கே தெரியவில்லை.

சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் மறுப்பாள் என்று பயந்து ஒத்திகை பார்த்தவன் நான்.

இருதயராஜ் சொன்னபடியே அடுத்த ஞாயிறு வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். தட்டு விஷயத்தை அவரிடம் சொல்ல ஒவ்வொரு வாரமும் டீக்கடை பெஞ்சில் வாயெடுத்து, வேறு எதையோ பேசிவிட்டு பஸ் ஏறினேன். அந்தத் துணிச்சல் எனக்கு வரவில்லை.

அவர் பெயரை இதில் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனால் அவர் இந்தப் பத்திரிகையை வத்திராயிருப்பு பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாரம் தவறாமல் வாங்குகிறவர். வாங்கியதும் முதலில் என் தொடரைத்தான் படிப்பேன் என்று சொல்லியிருக்கிறார். இதையும் படிப்பார்.